பக்குவமாச் சொல்லிட்டேன்

ஹீட்டர் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அண்ணியை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. குளியலறையில் ஹீட்டர் வெடித்து, சோப்பு நுரையும் துண்டுமாக வெளியே ஓடிவந்த மனிதர் ஒருவர், அந்தக் கோலத்திலேயே போனை எடுத்து, முதலாளியில் ஆரம்பித்து அவருடைய ஏழு தலைமுறையையும் கிழிகிழியென்று கிழிப்பார். அண்ணி முகம் மாறாமல், "புரியுதுங்க சார், புரியுதுங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். அவர் ஓய்ந்ததும் கணினியில் ஒரு வரி அடிப்பாள்: 'பொருளின் செயல்பாடு குறித்து வாடிக்கையாளர் அதிருப்தி தெரிவித்தார்.' வெடித்தது, ஓடிவந்தது, ஏழு தலைமுறை எல்லாம் அந்த அதிருப்திக்குள் அடக்கம்.

இன்னொருவர் போனில் அழுதே விட்டார். பிரசவம் முடிந்து மகளும் குழந்தையும் வீட்டுக்கு வந்த அன்று ஹீட்டர் மக்கர் பண்ணியதாம். கம்பெனி ஆள் கொட்டுகிற மழையில் நனைந்துகொண்டு வந்து சரிசெய்து கொடுத்தானாம். அவன் நன்றாக இருக்கவேண்டும், அவன் பிள்ளை குட்டிகள் நன்றாக இருக்கவேண்டும் என்று தழுதழுத்தார். அண்ணி அதற்கும் ஒரு வரி அடித்தாள்: 'சேவை குறித்து வாடிக்கையாளர் திருப்தி தெரிவித்தார்.' திருப்தியோ அதிருப்தியோ, அவள் கை பட்டால் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும். குளிக்கவும் உதவாது, குடிக்கவும் உதவாது, அப்படி ஒரு சூடு.

ஆபீஸில் அவளுக்குப் பஞ்சுமெத்தை என்று பெயர். மேனேஜர் வைத்தது. புதிதாகச் சேர்கிறவர்களையெல்லாம் அவள் பக்கத்தில் உட்காரவைத்து, எப்படிப் பேசவேண்டும் என்று இவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள் என்பார். அவர் ஏன் சொல்லமாட்டார்? எவன் திட்டினாலும் அது அவர் மேசைக்கு வந்து சேரும்போது திட்டாக இருப்பதில்லை. அதனால் அந்தக் கம்பெனி ஹீட்டர்கள் இன்றுவரை வெடித்துக்கொண்டுதான் இருக்கின்றன.

இந்தத் திறமையை ஆபீஸ் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தால் யார் குடியும் முழுகியிருக்காது. அண்ணி அதை வீட்டுக்கும் கொண்டுவந்தாள்.

அண்ணி என்று முதலில் கூப்பிட்டவன் அவள் கொழுந்தன். அது கட்டடம் முழுக்க ஒட்டிக்கொண்டது. தரைத்தளத்தில் அவளும் அவள் புருஷனும் இருந்தார்கள். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிகளைத் தேய்த்து பிரேமில் பொருத்துகிறவர். அவரை நாமும் அண்ணன் என்றே வைத்துக்கொள்ளலாம். மூன்றாவது மாடியில் அவருடைய தம்பி, பெண்டாட்டி பிள்ளையோடு. தம்பி லிப்ட் மெக்கானிக். ஊரிலிருக்கும் லிப்டையெல்லாம் ஓடவைக்கிறவன் குடியிருந்த கட்டடத்தில் லிப்ட் இல்லை. இருந்திருந்தாலும் அண்ணனும் தம்பியும் அதில் ஏறி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போயிருக்கமாட்டார்கள். இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. படியில் எதிரே வந்தால் ஒருவர் சாவிக்கொத்தைப் பார்ப்பார், இன்னொருவர் சுவரில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி சுவரைப் பார்ப்பார். மீசை நரைத்த ஆம்பளைகள் இரண்டு பேர், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி.

சண்டை அவர்களுடைய அம்மா போன அன்றைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது தம்பி ஏதோ ஒரு கட்டடத்தில் நின்றுபோன லிப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவன் கையில் கிரீஸோடு ஓடிவந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அண்ணன் வராந்தாவில் நாலு பேர் பார்க்க, "உனக்கு லிப்டுதானே முக்கியம்? போ, அதையே கட்டிக்கிட்டு அழு" என்றார். தம்பி திரும்பிப் போய்விட்டான்.

அந்த வாரமே சரியாகியிருக்க வேண்டிய விஷயம். தம்பி அண்ணியிடம் வந்து சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான். அன்றைக்கு லிப்டுக்குள் மாட்டியிருந்தது ஒரு நிறைமாதக் கர்ப்பிணியாம். அவளை விட்டுவிட்டு வரமுடியவில்லையாம். இருந்தாலும் வந்திருக்கவேண்டும் என்று ராத்திரியெல்லாம் தூக்கம் வராமல் புரளுகிறானாம். "அண்ணன் என்னை இழுத்து ஒரு அறை விட்டாக்கூட வாங்கிக்கறேன் அண்ணி. இப்படிப் பேசாம மட்டும் இருக்க வேணாம்னு சொல்லுங்க" என்றான்.

அறை, கர்ப்பிணி, தூக்கமின்மை. இதையெல்லாம் அப்படியே கொண்டுபோய்க் கொட்டினால் வீடு என்னத்துக்கு ஆகும் என்று அண்ணி நினைத்தாள். சாயங்காலம் புருஷனிடம், "தம்பிக்கு அன்னிக்கு வேலை இருந்துச்சாம். வருத்தப்படறார்" என்றாள். வேலை இருந்தது என்பது அவருக்கு முன்பே தெரியும். அதுதான் அவர் கோபமே. அவர், "வருத்தப்படறவன் மாடியிலேயே உட்கார்ந்து என்ன பண்றான்? இங்க வந்து என் பக்கத்துல உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிடச் சொல்லு, எல்லாம் போயிடும்" என்றார். இதில் ஒரு அதட்டல் இருப்பதாக அண்ணிக்குப் பட்டது. மறுநாள் படியேறிப் போய், "அண்ணன் ஒண்ணும் மனசுல வச்சுக்கல தம்பி" என்றாள். தம்பி அதற்கு, அம்மா செத்ததைக்கூட மனசில் வைத்துக்கொள்ளாத மனுஷன் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டான்.

இப்படியே வருஷங்கள் ஓடின. தம்பி மகள் பரீட்சையில் முதலாவதாக வந்தபோது அண்ணன் கண் கலங்க, "எங்க அம்மா மூளைடி அது, எங்க அம்மா மூளை" என்றார். மாடிக்குப் போய்ச் சேர்ந்தது, "அண்ணன் வாழ்த்து சொன்னார்." அண்ணனுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது தம்பி ஆஸ்பத்திரி வாசலில் ராப்பகலாக பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான். கட்டிலுக்கு வந்து சேர்ந்தது, "தம்பி விசாரிச்சார்." முள்ளை எடுக்கிறேன் என்று கிளம்பியவள் பூவையும் சேர்த்துக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் மிஞ்சியது வெறும் காம்பு.

கேட்டால், "நான் பக்குவமாச் சொல்லிட்டேன்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். இந்த வீடு நாலு சுவரோடு நிற்பதே தன்னால்தான் என்கிற பெருமை. சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கு முட்டிவலி உண்டு. அந்த முட்டியோடு படியேறி இறங்கினாள். ஆனால் ஒருநாளாவது, "உங்க தம்பிதானே, நீங்களே போய்ப் பேசுங்க" என்று புருஷனிடம் சொன்னாளா என்றால், இல்லை. அவர்கள் பேசிக்கொண்டுவிட்டால் அப்புறம் இவளுக்கு அங்கே என்ன வேலை?

அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காத ஒரே ஆள் அவள் ஓரகத்தி, தம்பியின் பெண்டாட்டி. இரும்புக் கடைக் கல்லாவில் உட்காருகிறவள். வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. அண்ணி புதிதாக ஒரு மஞ்சள் உடுப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றபோது, "அக்கா, இது வேணாம், காமாலை வந்தவங்க மாதிரி இருக்கீங்க" என்று முகத்துக்கு நேரே சொன்னவள். பேசத் தெரியாத ஜென்மம் என்று அண்ணி அன்று ராத்திரி முழுக்கப் பொருமினாள். அந்த உடுப்பை மறுபடி அவள் போடவில்லை என்பது வேறு விஷயம்.

போன மாதம் தம்பி கீழே வந்தான். அண்ணன் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் வந்தான். வேறொரு ஊரில், ஒரு பகல் முழுக்க ரயிலில் போகிற தூரத்தில், ஒரு கம்பெனி அவனை மேற்பார்வையாளராக வரச்சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது. பெண்டாட்டிக்கும் அங்கே ஒரு கடையில் இடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினான்.

"எனக்குப் போக இஷ்டமே இல்ல அண்ணி. 'போகாதடா'ன்னு அண்ணன் வாயால ஒரு வார்த்தை வந்தாப் போதும், வரலைன்னு சொல்லிட்டு இங்கயே கிடப்பேன். அந்த வார்த்தை வரலைன்னா எனக்கு இந்த ஊர்ல யாரும் இல்லன்னு அர்த்தம். நான் சொன்னபடியே சொல்லுங்க. ஒரு வார்த்தை கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

வாசல்வரை போனவன் திரும்பி வந்து, "அப்படியே சொல்லுவீங்கல்ல?" என்று கேட்டான். அண்ணி அவன் தோளைத் தட்டி அனுப்பினாள்.

அப்படியே சொல்வதா? இது நிபந்தனை அல்லவா? ஆபீஸில் வாடிக்கையாளர் இப்படி, செய்தால் இருப்பேன், செய்யாவிட்டால் போவேன் என்று பேசினால் அதை மிரட்டல் என்று தனியாக ஒதுக்கி வைப்பார்கள். வயிற்றில் கத்தி வைத்த மனுஷனிடம் மிரட்டலையா கொண்டுபோவது? அண்ணி யோசித்து யோசித்து, ராத்திரி சாப்பாடு ஆனதும் பட்டும் படாமலும் ஆரம்பித்தாள். தம்பிக்கு வெளியூரில் நல்ல வேலை ஒன்று வந்திருக்கிறது, போகலாமா என்று யோசிக்கிறார் என்றாள்.

அண்ணன் துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"போறானாமா? காலை உடைச்சுப் போடுவேன்னு சொல்லு. அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது அவன் ஒருத்தன். ராத்திரி அவன் படி ஏறுற சத்தம் கேட்டாத்தான்டி நான் விளக்கையே அணைக்கிறேன். போகக்கூடாதுன்னு நான் சொன்னேன்னு சொல்லு."

தம்பி கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கு மேலேயே அதில் இருந்தது. அண்ணி வேறொன்றும் செய்திருக்க வேண்டாம். அங்கேயிருந்து வாசலுக்கு வந்து, அண்ணாந்து, மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்திருந்தால் போதும். ஆனால் அவள் கேட்டது காலை உடைப்பேன் என்பதை மட்டும்தான். அதைப் போய் எந்த வாயால் சொல்வது? மிச்சத்தைச் சொன்னாலும் முன்னேறப் போகிற மனுஷனுக்கு மனசு கஷ்டம்தானே? இந்த நியாயங்களையெல்லாம் அவள் படுக்கையில் புரண்டு புரண்டு கண்டுபிடித்தாள். அடிமனசில் இன்னொன்றும் இருந்தது. வாய்த்துடுக்கு ஓரகத்தி கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்குப் போகிறாள். அதை அவள் தனக்குத்தானேகூடப் பக்குவமாகத்தான் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினாள். தம்பி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். விடியற்காலையிலிருந்து நிற்கிறவன் மாதிரி இருந்தது.

"சொன்னேன் தம்பி. அண்ணன் கேட்டு சந்தோஷப்பட்டார். எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்னு சொன்னார்."

அவன் தலையை ஆட்டினான். "சந்தோஷப்பட்டாரா" என்று ஒருமுறை கேட்டுவிட்டு உள்ளே போனான். விஷயம் சுமுகமாக முடிந்ததாக அண்ணி நினைத்துக்கொண்டு இறங்கினாள். கீழே அண்ணன், என்ன சொன்னான் என்று கேட்டபோது, அவருக்கும் ஒரு உருண்டை பிடித்துக் கொடுத்தாள்: தம்பி யோசித்து முடிவெடுத்துவிட்டாராம், எதிர்காலத்துக்கு அதுதான் நல்லதாம். போகக்கூடாது என்று சொல்லி அனுப்பியும் தம்பி கிளம்புகிறான் என்றுதான் அண்ணன் எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. ராத்திரியில் விளக்கை மட்டும் சீக்கிரமே அணைத்துவிட ஆரம்பித்தார்.

சாமான் ஏற்ற வேன் வந்த அன்று அண்ணன் கடைக்குப் போகவில்லை. போகவும் மனசில்லாமல், மேலே போகவும் மனசில்லாமல், கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். பீரோ, கட்டில், வாஷிங் மிஷின் எல்லாம் ஒவ்வொன்றாக அவர் கதவைத் தாண்டிப் போயின. கடைசியில் ஓரகத்தி ஒரு அலுமினிய ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எப்போதோ அண்ணி மூலமாக இரவல் வாங்கிப்போன ஏணி. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் அண்ணனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"மாமா, உங்க ஏணி. நாங்க கிளம்பறதுல உங்களுக்கு ரொம்ப சந்தோஷம்னு அக்கா சொன்னாங்க. அதை உங்க தம்பி முகத்தைப் பார்த்து நீங்களே சொல்லியிருக்கலாம். போகாதடான்னு உங்க வாயால ஒரு வார்த்தை வராதான்னு அந்த மனுஷன் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு நின்னாரு."

அண்ணன் அவளையே பார்த்தார். "சந்தோஷமா? எனக்கா?" என்றார். அப்புறம் எழுந்தார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் அவ்வளவு வேகமாக எழுந்து யாரும் பார்த்ததில்லை. செருப்புக்கூடப் போடாமல் படியேறினார். அண்ணி சமையலறையில் அவர்கள் வழியில் சாப்பிடப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். மாடியில் கேட்ட சத்தத்தில்தான் வெளியே வந்தாள்.

முதலாவது மாடித் திருப்பத்தில், கையில் மிக்ஸியோடு இறங்கிவந்த தம்பியை அண்ணன் மடக்கியிருந்தார். காலை உடைப்பேன் என்று சொல்லி அனுப்பினேனே, சொன்னாளா என்று அவர் கேட்டார். போகாதேன்னு ஒரு வார்த்தை கேட்டேனே, சொன்னாங்களா என்று இவன் கேட்டான். பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வெளியே வந்தது. அம்மா மூளை என்று சொன்னது, ஆஸ்பத்திரி வாசலில் பைக்கில் கிடந்தது, பக்கத்தில் வந்து ஒரு வாய் சாப்பிடச் சொன்னது, லிப்டுக்குள் இருந்த கர்ப்பிணி. கர்ப்பிணி என்று கேட்டதும் அண்ணன், "இதை ஏன்டா என்கிட்ட சொல்லல?" என்று கத்தினார். "அண்ணிகிட்ட சொன்னேனே. ஒரு அறை விட்டாக்கூட வாங்கிக்கறேன்னு சொல்லி அனுப்பினேனே" என்று தம்பி அதைவிட உரக்கக் கத்தினான்.

அண்ணன் பளாரென்று ஒரு அறை விட்டார். மிக்ஸி படியில் உருண்டது. அடுத்த நிமிஷம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு குலுங்கினார்கள். பக்கத்து வீட்டுக் கதவுகள் திறந்தன. இத்தனை வருஷத்து மௌனத்தைத் தீர்க்க அந்த ஒரு அறையே போதுமானதாக இருந்தது. அந்த அறையைத்தான் அண்ணி வீட்டுக்குள் வரவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தாள்.

போவதை நிறுத்த இனி வழியில்லை. வேலையில் சேர்வதாகக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. பெண்ணை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்தாகிவிட்டது. மூன்றாவது மாடிக்கு வரப்போகிறவர்களின் மூட்டை முடிச்சு தெருவில் காத்துக்கிடந்தது. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு மிக்ஸியைப் பொறுக்கினான். அண்ணன் அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கித் தானே கொண்டுபோய் வேனில் வைத்தார். அடுத்த வாரமே வருகிறேன், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு, எனக்கே பண்ணு என்று நூறு தடவை சொன்னார்.

அண்ணி பொட்டலத்தோடு படியடியில் நின்றாள். இப்போது தன்மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்தாள். பதில்கூடத் தயாராக இருந்தது. நல்லதுக்குத்தானே செய்தேன் என்று ஆரம்பிக்கிற பதில். அண்ணன் அவளைக் கடந்து போகும்போது, "விடு, உனக்குத் தெரிஞ்ச மாதிரி செஞ்சே" என்றார். கோபமாக இல்லை, கடையில் கண்ணாடி பிடிக்காமல் திரும்பிப் போகிறவர்களிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

வேனின் முன்பக்கத்தில் தம்பியும் ஓரகத்தியும் மகளும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அண்ணி முட்டிவலியை மறந்து ஓடிப்போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். பொட்டலத்தை உள்ளே நீட்டினாள். தம்பி வாங்கிக்கொண்டான்.

"தம்பி, நான் பண்ணினது..."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி. நீங்க நல்ல எண்ணத்துலதான் செஞ்சீங்க. உடம்பைப் பார்த்துக்கோங்க."

இந்த மாதிரி வாக்கியங்களை அண்ணி காலையிலிருந்து சாயங்காலம்வரை உட்கார்ந்து தயாரிக்கிறவள். அதற்கு அடியில் என்னென்ன புதைந்து கிடக்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்? அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நல்ல வார்த்தையைக் கேட்டு அவள் பயந்தது அதுதான் முதல் தடவை.

"மனசுல இருக்கறதைச் சொல்லுங்க தம்பி. எவ்வளவு கேவலமா இருந்தாலும் பரவால்ல. வாய்க்கு வந்தபடி திட்டிட்டுப் போங்க."

தம்பி புன்னகை செய்தான். ஒரு மடிப்புக் கலையாத புன்னகை. அவள் அவனை விட்டுவிட்டு ஓரகத்தியைப் பார்த்தாள். இவள் சொல்லிவிடுவாள், காமாலை என்று சொன்ன வாய் இது, இது சும்மா விடாது என்று அவளுக்கு நம்பிக்கை இருந்தது. ஓரகத்தி வாயைத் திறக்கவும் செய்தாள். தம்பி அவள் கையின்மேல் தன் கையை வைத்தான். அவள் திறந்த வாயை மூடிக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

பிறகு, "கையை எடுங்கக்கா, கண்ணாடி ஏத்தணும்" என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள்.